தொடாதீங்க என்று சொல்ல மறந்த மத்தியானம்

புது போர்ட்டல் வந்திருக்கிறது, பழைய ஆள் என்ற முறையில் வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்று கூப்பிட்டீர்கள். நேரில் வந்தால் நான் பேச மாட்டேன், திட்டுவேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். எழுதும்போது எனக்குக் கோபம் கொஞ்சம் கம்மியாக வருகிறது. கை வலிப்பதால் இருக்கலாம்.

எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்பதை இதில் தேடாதீர்கள். அதற்குக் கையேடு இருக்கிறது. நீங்கள் அதைப் படிக்கப்போவதில்லை, நாங்களும் படித்ததில்லை. நான் சொல்லப்போவது ஒரே ஒரு மத்தியானத்தைப் பற்றி. அன்றைக்கு என் கையில் ஒரு புது வசதி இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன்.

மாவட்டம் பிரிந்த புதிதில் நம் கன்ட்ரோல் ரூம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை மாடியில் இருந்தது. கீழே செருப்புக் கடை. தாலுகா அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், இ-சேவை மையம் என்று ஒவ்வோர் இடத்திலும் நம் பெட்டி ஒன்று இருக்கும். பெட்டி உயிரோடு இருந்தால் அங்கே இன்டர்நெட் உண்டு. செத்தால் வரிசையில் நிற்கிற ஜனம் வீட்டைப் பார்த்துப் போகவேண்டியதுதான். மாவட்டம் முழுக்க இருக்கிற பெட்டிகளை ஒரே திரையில் காட்டுவதுதான் போர்ட்டல். பச்சை என்றால் டீ குடிக்கலாம், சிவப்பு என்றால் போனை எடுக்கவேண்டும்.

சமவெளியில் சிவப்பு வந்தால் பைக்கில் ஓர் ஆளை அனுப்பிவிடுவோம். கல்வராயன் மலையில் வந்தால்தான் தலைவேதனை. கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி, வெள்ளிமலையும் தாண்டி உள்ளே போகிற ஊர்களுக்கு பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் ஆகும். அடித்துப் பிடித்துப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் பெட்டியில் ஒரு கோளாறும் இருக்காது. கரன்ட் வந்து வந்து போனதில் மயங்கி நின்றிருக்கும். ஒரு தடவை அணைத்துப் போட்டால் எழுந்துவிடும். இதற்குப் போக வர ஒரு நாள் போய்விடும்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். மலையில் பெட்டி இருக்கிற ஒவ்வோர் இடத்துக்கும் போய், அங்கே இருப்பவர்களுக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தேன். லைட் மஞ்சளானாலோ நின்றுபோனாலோ சுவிட்சை அணையுங்கள், கொஞ்சம் விட்டுப் போடுங்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டார்கள். இருபது எண்ணுங்கள் என்றேன். மடமடவென்று எண்ணிவிட்டுப் போட்டார்கள், பெட்டி எழவில்லை. “அப்படின்னா உங்க குலசாமி பேர இருவது தபா சொல்லுங்க. அதுல அவசரப்பட மாட்டீங்க இல்ல?” என்றேன்.

அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. வாட்ச்மேன், நர்ஸ், டீ வாங்கிவரப் போகிறவர், சும்மா வரிசையில் நிற்கிறவர் என்று மலையில் எல்லோருக்கும் அந்த மந்திரம் தெரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்குப் பெட்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். காற்றுப் போகிற ஓட்டையில் மட்டும் வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். மலைக்கு ஆள் அனுப்புவது பாதிக்குமேல் குறைந்தது. மேலதிகாரி மீட்டிங்கில் எழுந்து என்னைப் பாராட்டினார். நானும் கொஞ்ச நாள் தலை கால் புரியாமல் திரிந்தேன்.

அப்புறம்தான் போர்ட்டலின் புதுப் பதிப்பு வந்தது. கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, ஏசி இல்லாத ரூமில் கோட் போட்டுக்கொண்டு, அதன் அருமை பெருமைகளை விளக்கினார். மூன்று விஷயங்கள் புதிது. ஒன்று, பெட்டிகளை மாவட்ட வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டும். இரண்டாவது, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாப் பெட்டிகளின் மென்பொருளையும் ஒரே நேரத்தில் அப்டேட் செய்யலாம். மூன்றாவது, ஓர் ஊர்ப் பெட்டியைக் கழற்றி இன்னோர் ஊரில் மாட்டினால் போதும், அந்த ஊருக்கான விவரங்களைப் போர்ட்டலே அதில் எழுதிக்கொடுக்கும், லேப்டாப்போடு நாம் போகவேண்டியதில்லை. வரைபடத்தைப் பார்த்து நான், “இது இன்னா, ஜோசியக் கட்டமா?” என்று கேட்டேன். மூன்றாவது வசதியைக் காதிலேயே வாங்கவில்லை. இரண்டாவதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மலைப் பெட்டிகள் பதினொன்றுக்கு அப்டேட் பாக்கி இருந்தது. இந்த வேலையை ராத்திரியில் செய்வதுதான் நம் தொழிலில் வழக்கம். மலையில் அது ஆகாது. சாயங்காலம் பூட்டும்போது இடிக்குப் பயந்து மெயினையே அணைத்துவிட்டுப் போவார்கள். ஆகவே நான் யோசித்து யோசித்து மத்தியானம் ஒரு மணியைத் தேர்ந்தெடுத்தேன். சாப்பாட்டு நேரம், கூட்டம் இருக்காது, யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். யாருக்கும் தெரியாமல் முடியவேண்டும் என்று நினைத்ததால் யாருக்கும் சொல்லவும் இல்லை.

அப்டேட் நடக்கும்போது பெட்டி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். லைட் மஞ்சளாகும். பிறகு எல்லா லைட்டும் நின்றுபோகும். கால் மணி நேரத்துக்குமேல் செத்த மாதிரி கிடந்துவிட்டு எழும். நடுவில் கரன்டை நிறுத்தினால் எழவே எழாது. இது ஒரு பக்கம் என் மண்டையில் இருந்தது. மஞ்சள் லைட்டைக் கண்டால் அணைத்துப் போடுங்கள் என்று மலை முழுக்க நான் சொல்லிவைத்திருந்தது இன்னொரு பக்கம் இருந்தது. இரண்டும் ஒரே மண்டைக்குள் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

சரியாக ஒரு மணிக்கு அழுத்திவிட்டு எலுமிச்சை சாதத்தைத் திறந்தேன். போர்ட்டல் மூன்று மூன்று பெட்டியாக எடுத்துக்கொள்ளும். முதல் மூன்றும் பாதி வரை போயின, அப்படியே நின்றன. பிறகு மூன்றும் சிவப்பாயின. திரையில் ‘மீண்டும் முயல்க’ என்று ஒரு பொத்தான் வந்தது. அதை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. கோபத்தில் இன்னும் நாலு தடவை அழுத்தினேன். பக்கத்து மேஜைக்காரர்தான், “மேடம், அடுத்த மூணு கிளம்பப் போவுது, மொதல்ல அத நிறுத்துங்க!” என்று கத்தினார். நிறுத்தினேன். மீதி எட்டுப் பெட்டிகள் பிழைத்தது அவர் போட்ட சத்தத்தால். திரை ஒரு பொத்தானை நீட்டினால் நம் விரல் தானாகப் போகிறது. அந்த நேரத்தில் அழுத்தவேண்டிய பொத்தான் திரையின் வேறொரு மூலையில் சின்னதாக இருக்கும். தேடிப் பாருங்கள்.

ஒன்றே முக்கால் இருக்கும், போன் வந்தது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் இ-சேவை மையத்தை நடத்துகிற சடையப்பன். நிதானமான மனிதர், மலைக்காரர். மையத்துக்குள் செல்போன் எடுக்காது, தண்ணி டேங்க் பக்கத்தில் வந்து நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் பேசத்தான், இன்டர்நெட்டுக்குப் பத்தாது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

“மேடம், பெட்டி போச்சுங்க. லைட்டே வரமாட்டேங்குது.”

“இன்னா பண்ணீங்க?”

“மஞ்சளா எரிஞ்சிக்கினு இருந்துச்சு. அப்பறம் பூரா நின்னுபோச்சு. ஆஃப் பண்ணி, சாமி பேரு இருவது தபா சொல்லி, ஆன் பண்ணேன். வரல. திருப்பியும் பண்ணேங்க.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. அவரை நான் எப்போதும் வாங்க போங்க என்றுதான் பேசுவேன். அன்றைக்கு அதெல்லாம் பறந்துபோயிற்று. “யாரக் கேட்டு அதுல கைய வெச்ச?” என்று கத்தினேன்.

“நீங்கதான மேடம் சொல்லிக் குடுத்தீங்க” என்றார். என்னைக் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

எனக்கு அப்படியே முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த நிமிஷத்தில்தான் என் மண்டையின் இரண்டு பக்கமும் சந்தித்தன. ஆனால் வெட்கப்படக்கூட நேரம் இல்லை. ஏனென்றால் சடையப்பன் அடுத்த விஷயத்தைச் சொன்னார்.

மையத்தில் அலமேலு என்று ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். ஆறேழு மைல் தள்ளி ஒரு சின்ன ஊர்க்காரர், முப்பது வயதுக்கு மேல், இரண்டு குழந்தைகள். ஓர் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறார். சான்றிதழ்களை எல்லாம் இன்டர்நெட்டில் ஏற்றவேண்டும், அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது. ஒரு சான்றிதழ் முந்தின நாள்தான் கைக்கு வந்திருக்கிறது. அடுத்த தடவை எழுதலாம் என்றால் வயது வரம்பு தாண்டிவிடும்.

“ரெண்டு மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ்ஸு கிளம்புதுங்க” என்றார் சடையப்பன். “அந்த அக்காவ அதுல ஏத்திவுடட்டுமா, இங்கியே இருக்கச் சொல்லட்டுமா?”

மணி ஒன்று ஐம்பது. பஸ் ஒழுங்காக இறங்கினால் நாலரைக்குக் கள்ளக்குறிச்சி வந்துவிடும், ஏதாவது ஒரு மையத்தில் வரிசையில் நிற்கலாம். சரியான பதில், “எனக்குத் தெரியல, பஸ்ல ஏத்திடுங்க” என்பதுதான். ஆனால் பத்து வருஷமாக மலையைக் கட்டி மேய்க்கிற பொம்பளை நான், தெரியவில்லை என்று சொல்வேனா? “இருக்கச் சொல்லுங்க. அரை மணி நேரத்துல சரி பண்ணிடறேன்” என்றேன்.

பிள்ளைகளா, இந்த ‘அரை மணி நேரம்’ இருக்கிறதே, நம் தொழிலில் இதைவிடப் பெரிய பொய் கிடையாது. அரை மணி என்று எந்தக் கணக்கில் சொன்னேன்? ஒரு கணக்கும் இல்லை. எதிராளியின் வாயை அடைக்கச் சொன்னேன். நாக்கு நுனிக்கு அது வரும்போது வாயை மூடிக்கொள்ளப் பழகுங்கள்.

பஸ் போய்விட்டது. நான் கம்பெனிக்குப் போன் போட்டேன். கெட்ட பெட்டிகளைக் கழற்றித் தங்களுக்கு அனுப்பிவைக்கச் சொன்னார்கள். எங்களிடம் ஒரு மாற்றுப் பெட்டி இருந்தது, அது ஜீப்பில் இருந்தது. ஜீப் நைனார்பாளையத்தில் கேபிள் வேலையில் இருந்தது. அங்கிருந்து கள்ளக்குறிச்சி வந்து மலையேறினால் ஆறு மணியாகும். கிளம்பச் சொன்னேன், ஐந்து மணிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தே சொன்னேன். மணி இரண்டரை. என் அரை மணி நேரம் தீர்ந்துவிட்டது.

பக்கத்து மேஜைக்காரர் நல்லவர், என்மேல் பிரியம் உள்ளவர். மெதுவாக, “ஹை வோல்டேஜ்ல போச்சுன்னு எழுதிடலாம் மேடம். மலைல யாரு பாத்தா?” என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது என்ற கொள்கை எல்லாம் என்னிடம் அவ்வளவு உறுதியாக இல்லை. அதற்குள் சடையப்பன் மறுபடி கூப்பிட்டார்.

“மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? பெட்டிய நான்தான் கெடுத்தேன்னு மையத்த எங்கிட்டேர்ந்து எடுத்துடுவாங்களா?”

ஹை வோல்டேஜ் என்று நான் எழுதினால், உன் மையத்தில் வயரிங் சரியில்லையா என்று முதலில் அவரைத்தான் கேட்பார்கள். “இல்லைங்க, கெடுத்தது நான். அப்டேட் போட்டுக்கினு இருந்தேன், தொடாதீங்கன்னு உங்களுக்குச் சொல்லல. நீங்க நான் சொல்லிக் குடுத்ததத்தான் பண்ணீங்க. அப்படியேதான் எழுதப் போறேன்” என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது.

அவர் போனை யாரிடமோ கொடுத்தார்.

“மேடம், நான் அலமேலு பேசுறங்க. பஸ்ஸு போயிடுச்சு.”

“தெரியும்மா. தப்பு என்னுது. நான் உன்ன இருக்கச் சொல்லியிருக்கக் கூடாது.”

“அத அப்பறம் பாத்துக்கலாங்க. அஞ்சு மணிக்குள்ள ஆவுமா ஆவாதா, அத மட்டும் சொல்லுங்க.”

“தெரியல” என்றேன்.

“சரிங்க. ஆவாதுன்னு சொல்லல இல்ல? நான் இன்னா பண்ணணும் சொல்லுங்க.”

என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். அந்தப் பெண் என்னிடம் வேலை கேட்டது. கொடுக்க என்னிடம் ஏதாவது வேலை இருந்தாகவேண்டும். கால் மணி நேரத்தில் கூப்பிடுகிறேன், டேங்க் பக்கத்திலேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்த ஜோசியக் கட்டத்தை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். சடையப்பனின் சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில், ஆறு கிலோமீட்டர் தள்ளி, சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி இருந்தது. சாம்பல் என்றால் பெட்டி அணைந்திருக்கிறது. அணைந்திருந்தால் என் அப்டேட் அதைத் தொட்டிருக்காது. அது ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. பரீட்சை லீவுக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருந்தார்கள். பழைய போர்ட்டல் பெட்டிகளை அகர வரிசையில்தான் காட்டும். எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அதில் தெரியாது. அந்தப் பள்ளிக்கூடப் பெட்டியைக் கழற்றி இங்கே மாட்டினால், காதில் வாங்காமல் விட்டேனே, அந்த மூன்றாவது வசதி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும். நான் அதை ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை.

பள்ளி விடுதிக் காப்பாளருக்குப் போன் செய்தேன். நல்ல வேளையாக அங்கேயே தங்கியிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “எழுத்து இல்லாம அரசாங்கப் பொருளத் தூக்கிக் குடுக்க முடியாதும்மா. நாளைக்கு ஆடிட்டுல எவன் பதில் சொல்றது?” என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம்.

“எழுத்து வர நேரமில்ல சார். அஞ்சு மணிக்கு முடிஞ்சுடும்.”

“அங்க இருந்த பெட்டிக்கு இன்னா ஆச்சு?”

“நான் கெடுத்துட்டேன் சார்.”

“நீங்களா?”

“நான்தான். அஜாக்கிரதை.”

அவர் சிரித்தார். எரிச்சலாக வந்தது, பொறுத்துக்கொண்டேன். “இருவத்தெட்டு வருஷ சர்வீஸ்ல, நான் கெடுத்தேன்னு ஒரு ஆபீசர் வாயால இன்னிக்குத்தாம்மா கேக்குறேன்” என்றார். “உங்க பேரு, பதவி சொல்லுங்க, நோட்டுல எழுதிக்கறேன். அந்தப் பொண்ண அனுப்புங்க. கையெழுத்துப் போட்டு எடுத்துக்கினு போவட்டும்.”

இனி நடந்ததை நான் பார்க்கவில்லை, அவர்கள் சொல்லிக் கேட்டதுதான். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்த ஒரு குட்டியானை வண்டியைச் சடையப்பன் மறித்து அலமேலுவை ஏற்றிவிட்டிருக்கிறார். திரும்பி வர வண்டி கிடைக்கவில்லை. அலமேலு பெட்டியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பாதித் தூரம் நடந்து, மீதித் தூரம் யாருடைய பைக்கிலோ ஏறி, நாலு மணிக்குச் சரியாக மையத்துக்கு வந்துவிட்டார். சடையப்பன் மாட்டினார். என் திரையில் பெட்டி தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது.

வந்த உயிர் உடனே போயிற்று. போர்ட்டல் எனக்கு ஒரு செய்தி காட்டியது: இந்தப் பெட்டியின் மென்பொருள் பழையது, முதலில் அதை அப்டேட் செய்தால்தான் விவரங்களை எழுதமுடியும். வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை. மறுபடியும் மஞ்சள் லைட், மறுபடியும் இருட்டு, மறுபடியும் கால் மணி நேரத்துக்கு மேல். அங்கே மையத்தில் அதற்குள் பத்து இருபது பேர் கூடிவிட்டார்கள். அத்தனை பேருக்கும் நான் கற்றுக்கொடுத்த மந்திரம் மனப்பாடம்.

பொத்தானைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டேன். டேங்க் பக்கத்தில் நின்றிருந்த சடையப்பனிடம், “நல்லாக் கேட்டுக்குங்க. லைட்டு மஞ்சளாவும், பூரா நின்னும் போவும். பெட்டி சாவல, வேலை பாக்குது. நான் சொல்ற வரைக்கும் அந்த சுவிட்ச யாரும் தொடக் கூடாது. அலமேலுகிட்ட சொல்லி அங்கியே உக்கார வெய்யுங்க. நீங்க போய்ச் சொல்லிட்டு வந்து எங்கிட்ட சொன்னப்பறம்தான் அழுத்துவேன்” என்றேன். அவர் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு ஓடி வந்தார். மணி நாலு ஏழு. அந்த ஓட்டத்துக்கு ஆன மூன்று நிமிஷத்தை நான் மத்தியானம் ஒரு மணிக்குச் செலவு செய்திருந்தால் போதும், இந்தக் கதையே இல்லை.

அழுத்தினேன். மஞ்சள் வந்ததும் உள்ளே ஒரு பெரியவர், “அணைச்சிப் போடும்மா, சாமி பேரு சொல்லு” என்று கையை நீட்டியிருக்கிறார். அலமேலு சுவிட்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டு, “தாத்தா, கிட்ட வராதீங்க” என்றிருக்கிறார். இங்கே நான் திரையில் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதினெட்டு நிமிஷத்தில் நான் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. எனக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம் கம்மி. அன்றைக்கு இருபது தடவைக்குமேல் சொன்னேன்.

நாலு இருபத்தைந்துக்குப் பச்சை வந்தது. பெட்டி எழுந்து, தான் இப்போது இருப்பது பள்ளிக்கூடம் இல்லை, இ-சேவை மையம் என்று தானே தெரிந்துகொண்டு வேலையை ஆரம்பித்தது. கோட் போட்டவரை மனசுக்குள் கும்பிட்டேன். நாலு நாற்பத்தாறுக்குச் சடையப்பன் கூப்பிட்டார். “ஏத்தியாச்சு மேடம். ரசீது வந்துடுச்சு!” என்றார். எங்கள் மாடியில் நாங்கள் போட்ட சத்தத்தில் கீழே செருப்புக் கடைக்காரர் என்னமோ ஏதோ என்று வெளியே வந்து பார்த்தார்.

ரிப்போர்ட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது, பதில் கொடுத்தேன். சடையப்பனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிற்பாடு மலையில் டவர் வந்ததும் அந்தக் கம்பெனியோடு சண்டை போட்டு, அப்டேட்டுக்கு முன்னால் அந்த ஊர்க்காரருக்குப் போர்ட்டலே போன் செய்து சொல்லவேண்டும் என்று ஒரு வசதியைக் கேட்டு வாங்கினேன். முதலில் அவர்கள், ‘தங்கள் சாதனம் தற்சமயம் மேம்படுத்தப்படுகிறது’ என்று ஒரு குரலை வைத்தார்கள். மலையில் அதைக் கேட்டவர்கள் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்கள். அப்புறம் சடையப்பனைக் கூப்பிட்டுப் பேசவைத்துப் பதிந்தோம். இன்றைக்கும் உங்கள் போர்ட்டலிலிருந்து மலைக்குப் போகிற அழைப்பில், “பெட்டி வேலை பாக்குதுங்க, தொடாதீங்க, நாங்க திருப்பிக் கூப்புடறோம்” என்று சொல்வது அவர்தான். புதுப் பதிப்பில் அதை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறீர்களாம். எடுத்தால் நேரில் வருவேன்.

அலமேலுவுக்கு வேலை கிடைத்தது. கள்ளக்குறிச்சியிலேயே ஓர் அலுவலகத்தில் இருக்கிறார், உங்களில் சிலர் அவரிடம் போனில் பேசியிருப்பீர்கள். லைன் போனால் எல்லோரும் “எப்ப சரியாவும்?” என்று கேட்பார்கள். “தொடலாமா, தொடக் கூடாதா?” என்று முதலில் கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

நம் திரைக்கு ஒரு புது வசதி வரும்போது, அது நமக்குத்தான் வருகிறது. எதிர்முனையில் இருப்பவருக்கு நாம் கடைசியாகச் சொன்னதுதான் சட்டம். அவர்கள் மறக்க மாட்டார்கள், அலட்சியம் செய்ய மாட்டார்கள், நாம் சொன்னதை அப்படியே செய்வார்கள். இதை அந்த மத்தியானமே கற்றுக்கொண்டுவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நான் கற்றுக்கொண்டது சாயங்காலம்.

ரசீது வந்த சந்தோஷத்தில் நாங்கள் பஜ்ஜி வாங்கித் தின்றோம். நடந்ததை ஆளாளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஐந்தரை மணி இருக்கும், சடையப்பனிடமிருந்து போன். மறுபடி என்ன போச்சோ என்று பயந்துபோய் எடுத்தேன்.

“ஒண்ணும் இல்லைங்க மேடம். அந்த அக்கா ஊருக்குப் போற கடைசி பஸ்ஸு போயிடுச்சு. போங்கன்னா போவமாட்டேங்குறாங்க.”

“ஏன், இன்னும் வேலை இருக்குதா?”

“வேலைலாம் முடிஞ்சுதுங்க. சுவிட்சு மேல கைய வெச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்காங்க. ஒரு கை வலிச்சா இன்னொரு கைய மாத்திக்கிறாங்க. மத்தவங்க வேலையெல்லாம் பாத்துக்கினு இருக்கும்போது பெட்டி போயிடக் கூடாதாம். மேடம் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே, மேடம் இன்னும் சொல்லலையேன்னு கேக்குறாங்க.”

என் கையில் பாதி பஜ்ஜி இருந்தது. அதைக் கீழே வைத்தேன். மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்த நம் ஜீப்புக்குச் சொல்லி, அந்தப் பெண்ணை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் திரும்பவேண்டும் என்றேன். அப்புறம் சடையப்பனிடம், “எடுத்துடச் சொல்லுங்க” என்றேன். அவர் ஓடிப்போய்ச் சொன்ன பிறகுதான் அலமேலு கையை எடுத்தார்.